பெல்ஃபோர்: சிங்கத்துக்குப் பின்னால் ஒரு கணவாய்

"பாரிஸிலிருந்து சுவிட்சர்லாந்து போகும் வழியில் பெல்ஃபோர் என்ற ஊரில் ஒன்றரை நாள் தங்கப்போகிறேன். சிங்கச் சிலையைத் தவிர அங்கே என்ன இருக்கிறது? இவ்வளவு சிறிய ஊருக்கு எதற்காக அவ்வளவு பெரிய கோட்டை?" என்பது கேள்வி. இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரிந்துவிட்டால், எதைப் பார்ப்பது என்பதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பிரான்ஸின் கிழக்கு எல்லையில் வடக்கே வோஜ் மலைகள், தெற்கே ஜுரா மலைகள். இரண்டுக்கும் நடுவே இருபது முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு நிலம் தாழ்ந்து கிடக்கிறது. ரைன் சமவெளியிலிருந்து ரோன் பள்ளத்தாக்குக்கு மலையேறாமல் வர வேண்டுமென்றால் இதுதான் வழி. வணிகர் வந்ததும் இப்படித்தான், படைகள் வந்ததும் இப்படித்தான். பிற்காலத்தில் ரைனையும் ரோனையும் இணைக்கும் கால்வாயையும் இந்தத் தாழ்வின் வழியாகத்தான் வெட்டினார்கள். அந்த வாசலில், சவுரூஸ் என்ற சிற்றாற்றின் கரையில், செங்குத்தான ஒரு பாறை நிற்கிறது. பாறையின் மேல் யார் இருக்கிறார்களோ அவர்கள் கையில்தான் சாவி. பெல்ஃபோரின் எண்ணூறு ஆண்டு வரலாறு என்பது அந்தச் சாவி கை மாறிய கதை, அல்லது கை மாறாமல் நின்ற கதை.

பாறை மேல் கோட்டை இருந்ததற்கான எழுத்துச் சான்று 1226-லிருந்து கிடைக்கிறது. அப்போது அது மான்பெலியார் பிரபுக்களுடையது. 1307-ல் ஊர் மக்களுக்கு உரிமைச் சாசனம் கிடைத்தது. 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் கைக்குப் போய், ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆஸ்திரிய உடைமையாக இருந்தது. முப்பதாண்டுப் போரின்போது 1636-ல் பிரெஞ்சுப் படை கைப்பற்றியது. 1648-ல் வெஸ்ட்ஃபேலியா உடன்படிக்கை அதை உறுதி செய்தது. இதுவரை உள்ள கதை ஐரோப்பாவின் எந்த எல்லையூருக்கும் பொருந்தும். பெல்ஃபோரைப் பெல்ஃபோர் ஆக்கியவர் அதற்குப் பின் வந்தார்.

பதினான்காம் லூயியின் கோட்டைப் பொறியாளர் வோபான் 1687-ல் இங்கே வேலையைத் தொடங்கினார். அவருடைய சிக்கலைப் புரிந்துகொண்டால்தான் நீங்கள் பார்க்கப்போகும் மதில்களுக்குப் பொருள் இருக்கும். ஊர் பாறைக்குக் கீழே இருக்கிறது. எதிரே மியோத், ஜுஸ்தீஸ் என்று இரண்டு குன்றுகள். எதிரி அந்தக் குன்றுகளில் பீரங்கியை ஏற்றிவிட்டால், மதிலின் மேல் திறந்தவெளியில் நிற்கும் வீரர்களை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் சுட்டு வீழ்த்தலாம். வழக்கமான, மேல்புறம் திறந்த கொத்தளங்கள் இங்கே உதவாது. எனவே ஐங்கோண வடிவில் ஊரை மதிலால் சுற்றி, மூலைகளில் கல் வளைவுக் கூரையுடைய தடித்த கோபுரங்களைக் கட்டினார் வோபான். பீரங்கிகள் கூரைக்குள் பத்திரமாக இருக்கும். கோபுரத்துக்கு முன்னால் தனியாக ஒரு மண்மேடு கவசமாக நிற்கும். எதிரி வெளி மேட்டைப் பிடித்தாலும் உள்கோபுரம் விழாது. கோட்டைக் கலை பற்றிப் பேசுகிறவர்கள் இதை வோபானின் 'இரண்டாம் முறை' என்பார்கள். இதன் முழுமையான வடிவத்தைப் பிறகு ரைன் கரையில் நஃப்-பிரிசாக்கில் கட்டினார். (பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கட்டிய லூயி கோட்டையும் வோபான் பாணியில் அமைந்த ஐங்கோணம்தான். 1761-ல் ஆங்கிலேயர் அதைத் தரைமட்டமாக்கிவிட்டதால், அந்தப் பாணி எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க விரும்பும் நம்மவர்களுக்கு இந்த மதில்கள் உதவும்.)

2008-ல் யுனெஸ்கோ வோபானின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெல்ஃபோர் அதில் இல்லை. காரணத்தைக் கோட்டையே சொல்லும்: வோபான் விட்டுச் சென்ற நிலையில் இதை யாரும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் இதன் மேல் எதையாவது கட்டியது, எதையாவது இடித்தது. தூய்மையை விரும்புகிறவர்கள் நஃப்-பிரிசாக்குக்குப் போகட்டும். உண்மையில் பயன்பட்ட கோட்டை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும் என்பது என் கட்சி.

பயன்பட்டது என்றால் சும்மா இல்லை. நெப்போலியன் வீழ்ந்துகொண்டிருந்த 1813 டிசம்பர் முதல் 1814 ஏப்ரல் வரை 113 நாள், லெக்ரான் என்ற தளபதியின் கீழ் ஊர் முற்றுகையைத் தாங்கியது. அடுத்த ஆண்டு, வாட்டர்லூவுக்குப் பிறகு, ஜெனரல் லெகூர்ப் தன் படையைவிடப் பன்மடங்கு பெரிய ஆஸ்திரியப் படையை இந்த வாசலில் தடுத்து நிறுத்தினார். சில மாதங்களில் இதே ஊரில் இறந்தும் போனார். 1822 புத்தாண்டு நாளில் இங்குள்ள படைமுகாமில் மன்னராட்சிக்கு எதிராக ஒரு கிளர்ச்சி தொடங்குவதாக இருந்தது. அமெரிக்கப் புரட்சியில் புகழ்பெற்ற லாஃபாயெத் அதில் சேர வண்டியேறிவிட்டார். சதி வெளிப்பட்ட செய்தி வழியிலேயே எட்ட, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். முற்றுகைகளில் பெற்ற பாடத்தை வைத்து, பொறியாளர் ஜெனரல் ஆக்சோ கோட்டையை மேலும் தடிக்கச் செய்தார். வோபான் பயந்த அந்த இரு குன்றுகளிலும் தனிக் கோட்டைகள் எழுந்தன.

இனி 1870. இந்த ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் இந்த ஆண்டு உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஜெர்மானிய அரசுகளுக்குத் தலைமை தாங்கிய பிரஷ்யாவுடனான போரில் பிரான்ஸ் சில வாரங்களிலேயே நொறுங்கியது. செப்டம்பரில் செடானில் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே கைதியானார். அக்டோபரில் பெல்ஃபோரின் பொறுப்பு கர்னல் டான்ஃபேர்-ரோஷ்ரோவிடம் வந்தது. அவர் பொறியாளர், சில ஆண்டுகளாக இங்கேயே பணிபுரிந்து கோட்டையின் ஒவ்வொரு கல்லையும் அறிந்தவர். கையில் சுமார் 17,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் அவசரத்துக்குத் திரட்டப்பட்ட, பயிற்சி குறைந்த இளைஞர்கள். நவம்பர் 3-ஆம் தேதி ஜெனரல் திரெஸ்கோவின் படை ஊரை வளைத்தது. சரணடையச் சொன்ன கடிதத்துக்கு முடியாது என்று பதில் போனது.

டான்ஃபேர் செய்த புத்திசாலித்தனம் ஒன்று உண்டு. அந்தக் காலத்துப் பாடப்புத்தகம், வளைக்கப்பட்ட படை மதிலுக்குள் ஒடுங்க வேண்டும் என்றது. அவர் அதைக் கேட்கவில்லை. சுற்றியிருந்த கிராமங்களையும் காடுகளையும் பிடித்து வைத்துக்கொண்டு, எதிரியின் பீரங்கிகள் ஊரை நெருங்குவதைத் தள்ளிப்போட்டார். குண்டுவீச்சு டிசம்பர் 3-ஆம் தேதிதான் தொடங்க முடிந்தது. முற்றுகையின் முதல் மாதத்தை அவர் சம்பாதித்துக்கொண்டார் என்று சொல்லலாம். அதன்பின் எழுபதுக்கும் மேற்பட்ட நாட்கள் குண்டு நிற்கவில்லை. மக்கள் நிலவறைகளில் வாழ்ந்தார்கள். வெளியே கடுங்குளிர், உள்ளே அம்மையும் விஷக்காய்ச்சலும்.

ஜனவரி நடுவில் ஒரு நம்பிக்கை வந்தது. பெல்ஃபோரை மீட்க ஜெனரல் புர்பாக்கியின் படை தெற்கிலிருந்து ஏறி வந்தது. ஜனவரி 15 முதல் 17 வரை, சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் எரிகூர் அருகே லிசேன் ஆற்றங்கரையில் நடந்த சண்டையின் பீரங்கி ஓசை ஊருக்குள் கேட்டது. பிறகு அந்த ஓசை விலகிப் போனது. ஜெனரல் வெர்டரின் ஜெர்மானியப் படையை உடைக்க முடியாமல் புர்பாக்கி பின்வாங்கினார், தற்கொலைக்கும் முயன்றார். பசியாலும் பனியாலும் சிதைந்த அவருடைய படை, சுமார் 87,000 பேர், சுவிஸ் எல்லையைக் கடந்து ஆயுதங்களை ஒப்படைத்தது. ஜனவரி 28-ல் பாரிஸ் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டபோதும் கிழக்குப் பகுதிக்கு அது பொருந்தாது என்று வைத்தார்கள். நாடெங்கும் துப்பாக்கிகள் மௌனமாக, பெல்ஃபோர் மட்டும் குண்டு வாங்கிக்கொண்டிருந்தது. பிப்ரவரி 8-ல் தெற்கே பெர்ஷ் குன்றுகள் விழுந்தன. இனி நாட்கணக்குதான் என்ற நிலையில், சண்டையை நிறுத்தும்படி பிரெஞ்சு அரசே ஆணையிட்டது. பிப்ரவரி 13-ஆம் தேதி, 103-ஆம் நாளில், சண்டை ஓய்ந்தது. பிப்ரவரி 18-ஆம் தேதிக்குள் காவல்படை ஆயுதங்களோடும் மூட்டை முடிச்சுகளோடும் அணிவகுத்து வெளியேறியது. சரணடைதல் என்ற சொல்லை இன்றும் ஊரார் ஏற்பதில்லை; ஆணை வந்தது, வெளியேறினார்கள், அவ்வளவுதான்.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இங்கே ஒரு முடிச்சைப் போட்டுவிடும்: இந்த வீரத்துக்குப் பரிசாகத்தான், பெல்ஃபோர் சேர்ந்திருந்த எல்லைப் பகுதியான அல்சாஸ் முழுவதும் ஜெர்மனிக்குப் போனபோதும் பெல்ஃபோர் மட்டும் பிரான்ஸிடம் தங்கியது என்று. எனக்கு இது அரை உண்மையாகத்தான் படுகிறது. அல்சாஸை அடுத்த லொரேன் பகுதியில் பீச் என்ற கோட்டை பெல்ஃபோரைவிட நீண்ட நாள், 1871 மார்ச் இறுதி வரை, பணியாமல் நின்றது. அது ஜெர்மனிக்குத்தான் போனது. வீரம் மட்டும் போதுமென்றால் பீச்சும் தப்பியிருக்க வேண்டும்.

பெல்ஃபோரைக் காத்தது வீரத்தோடு சேர்ந்த மூன்று காரணங்கள். ஒன்று, கணவாய்: அது போனால் ஜெர்மனிக்கு பிரான்ஸின் உள்நாடு திறந்த வீடு. இரண்டு, மொழி: அல்சாஸ் மாவட்டத்தில் சேர்ந்திருந்தாலும் பெல்ஃபோர் பிரெஞ்சு பேசிய ஊர். மூன்று, பேரம். 1871 பிப்ரவரியில் வெர்சாயில் ஜெர்மானியத் தரப்பின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் முன் அமர்ந்த பிரெஞ்சு அரசுத் தலைவர் அடோல்ஃப் தியேர், பெல்ஃபோரை விட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். இறுதியில் அவர் முன் வைக்கப்பட்ட தேர்வு இதுதான்: பெல்ஃபோர் வேண்டுமா, அல்லது ஜெர்மானியப் படை பாரிஸுக்குள் வெற்றி ஊர்வலம் வராமல் இருக்க வேண்டுமா? தியேர் பெல்ஃபோரைக் கேட்டார். மார்ச் 1-ஆம் தேதி ஜெர்மானியர் பாரிஸின் பெருவீதியான ஷான்செலிசேயில் அணிவகுத்தார்கள். தலைநகரம் பட்ட அவமானத்துக்கு விலையாகக் கிடைத்தது இந்த ஊர். அந்த ஒற்றைப் பேரத்தில் ஊரார் பங்கும் உண்டு: அதற்கு முன் 103 நாள் அவர்கள் தாக்குப்பிடிக்காமல் இருந்திருந்தால், மேசையில் பேசுவதற்கே தியேரிடம் ஒன்றும் இருந்திருக்காது. பிறகு பிராங்பர்ட் உடன்படிக்கையில், லொரேனில் வேறு நிலத்தை விட்டுக்கொடுத்து, ஊரைச் சுற்றிய பகுதியையும் கொஞ்சம் விரிவாக்கிக்கொண்டார்கள். இப்படித் துண்டாக எஞ்சிய நிலத்துக்கு எந்தப் பெயரும் பொருந்தவில்லை. 'பெல்ஃபோர் நிலப்பகுதி' என்றே அழைத்தார்கள். முதல் உலகப் போரில் அல்சாஸ் திரும்பி வந்தபோதும் இது அதோடு சேரவில்லை. 1922-ல் 90 என்ற எண்ணோடு தனி மாவட்டமாகிவிட்டது.

ஊரின் தலையெழுத்தும் அப்போது மாறியது. ஜெர்மன் ஆட்சியில் வாழ விரும்பாத அல்சாஸ்காரர்கள் எல்லையைக் கடந்து முதலில் வந்து சேர்ந்த பிரெஞ்சு ஊர் இது. அல்சாஸின் மூலூஸ் நகரத் தொழிலதிபர்கள் 1879 வாக்கில் இங்கே ரயில் எஞ்சின் ஆலையையும் நூலாலையையும் திறந்தார்கள். மக்கள்தொகை முப்பது ஆண்டுகளில் மும்மடங்குக்கும் மேலானது. அந்த எஞ்சின் ஆலையின் வழியில் வந்ததுதான் பின்னாளைய ஆல்ஸ்தோம் நிறுவனம். டிஜிவி அதிவேக ரயில் எஞ்சின்கள் இங்கிருந்து போயின. மதில்கள் மூச்சு முட்டவைத்ததால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆற்றுப்பக்க மதிலை இடித்து ஊரை மேற்கே விரித்தார்கள். அதனால்தான் இன்று கிழக்கில் கோட்டையூரும், ஆற்றைக் கடந்தால் அகலத் தெருக்களும் மரநிழலுமாக வேறோர் ஊரும் இருக்கின்றன. அதே காலத்தில் செரே த ரிவியேர் என்ற ஜெனரல் ஊரிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிக் கோட்டைகளின் வளையம் ஒன்றை அமைத்தார். 1885 வாக்கில் வந்த புதுவகை வெடிகுண்டுகளின் முன் அவை கட்டி முடித்த சூட்டோடு பழசாகின. 1944 நவம்பரில் அந்த வளையத்தில் ஒன்றான சல்பேர் கோட்டை மேல் பிரெஞ்சு அதிரடிப் படையினர் இரவில் ஏறிப் பிடித்ததோடு ஊரின் விடுதலை தொடங்கியது.

இப்போது சிங்கத்துக்கு வருவோம். செய்தவர் ஒகுஸ்த் பார்த்தோல்டி. சில ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் சுதந்திர தேவியை நிறுத்திய அதே சிற்பி. அவர் பிறந்த கொல்மார் நகரம் 1871-ல் ஜெர்மனியோடு போய்விட்டது. போரில் அவரும் சீருடை அணிந்திருந்தார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சிங்கத்தைப் பாருங்கள். 22 மீட்டர் நீளம், 11 மீட்டர் உயரம். பாறையைக் குடைந்து செதுக்கியது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியல்ல. வோஜ் மலையின் செந்நிற மணற்கல்லைப் பாளம் பாளமாகச் செதுக்கி, பாறைச் சுவரோடு ஒட்டி அடுக்கியது. 1880-ல் முடிந்தது. வெற்றிச் சின்னமாக இருந்தால் அது நின்று கர்ஜித்திருக்கும். இது முன்கால்களை ஊன்றி, பாதி எழுந்த நிலையில், வளைக்கப்பட்ட மிருகமாக இருக்கிறது. பாதத்தின் கீழே ஓர் அம்பு. முதலில் ஜெர்மனியைப் பார்த்து முறைப்பதாக இருந்ததென்றும், அங்கிருந்து எதிர்ப்பு வந்ததால் முதுகைக் காட்டும்படி திருப்பினார்களென்றும் சொல்வார்கள். எனக்கென்னவோ முதுகைக் காட்டுவதுதான் கூடுதல் அவமதிப்பு என்று தோன்றுகிறது. 2020-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பிரெஞ்சு மக்கள் தங்கள் விருப்ப நினைவுச்சின்னமாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பாரிஸில் இதன் மூன்றிலொரு பங்கு அளவுள்ள செப்புப் பிரதி, முற்றுகையைத் தாங்கிய கர்னல் டான்ஃபேர்-ரோஷ்ரோவின் பெயர் கொண்ட சதுக்கத்தில் இருக்கிறது. அந்தச் சதுக்கத்தின் பழைய பெயர் 'டான்ஃபேர்', அதாவது நரகச் சதுக்கம். 1879-ல் பெயர் மாற்றியபோது உச்சரிப்பைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. எலும்புக்கூடுகள் அடுக்கிய பாதாளக் கல்லறைகளுக்கு அங்கேதான் வாசல் என்பதால், பழைய பெயரும் ஒன்றும் தவறில்லை.

ஒன்றரை நாளில் எப்படிப் பார்ப்பது? சிங்கத்தில் தொடங்காதீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். படம் எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடிக்கிறார்கள். நீங்கள் ஊரின் வடகிழக்கில் பிரிசாக் வாசலில் தொடங்குங்கள். 1687-ல் கட்டிய அந்த மணற்கல் வாசலின் முகப்பில் பதினான்காம் லூயியின் சூரியச் சின்னம் இருக்கிறது. வெளிப்பக்கம் போய் நின்று, எதிரியின் கண்ணால் ஒருமுறை மதிலைப் பாருங்கள். நேராகக் குறிவைக்க ஒரு சுவர்கூட முழுதாகத் தெரியாது. அகழிகளின் வழியே நடந்து கோபுரங்களின் அடியில் போனால், எங்கே நின்றாலும் ஏதோ ஒரு துளை உங்களைப் பார்ப்பது போல் இருக்கும். வோபானின் கணக்கு அதுதான். அந்தக் கோபுரங்களில் ஒன்றான 46-ஆம் எண் கோபுரம் இப்போது கலைக் கண்காட்சிக் கூடம்.

பிறகு கோட்டைக்கு ஏறுங்கள். வரலாற்று அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. நேரம் குறைவென்றால் முற்றுகைப் பகுதியை மட்டும் பாருங்கள். மேல்தளத்தைத் தவறவிடக் கூடாது. வடக்கே வோஜ், தெற்கே ஜுரா, நடுவில் வாசல் என்று நான் மேலே எழுதியதெல்லாம் வானம் தெளிவாக இருந்தால் ஒரே பார்வையில் விளங்கும். எதிர்க்குன்றில் மியோத் கோபுரம் தெரியும். போர்களில் சிதைந்து, மீண்டும் கட்டி எழுப்பப்பட்டது.

இறங்கினால் படைச் சதுக்கம். செந்நிறக் கல்லில் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய தூய கிறிஸ்டோபர் ஆலயத்தை விரைவாகப் பார்த்தால் போதும். அது பேராலயமானது 1979-ல்தான். எதிரே நகரமன்றம், இதன் சீரமைப்பில் கை வைத்தவர் கிளேபேர். ஆம், நெப்போலியன் எகிப்தில் விட்டுவிட்டு வந்த படைக்குத் தலைமை தாங்கி 1800-ல் கெய்ரோவில் கொலையுண்ட அதே ஜெனரல்தான். புரட்சிக்கு முன் அவர் இந்த ஊரில் கட்டடக் கலைஞராக வேலை பார்த்தார். சதுக்கத்தின் நடுவில் மெர்சியே 1884-ல் செய்த 'ஆனாலும்' என்ற சிலை: சாயும் வீரனின் துப்பாக்கியைத் தன் கையில் வாங்கும் அல்சாஸ் பெண். சிங்கத்துக்கு இருக்கும் அடக்கம் இதற்கு இல்லை, கொஞ்சம் நாடகத்தனம்தான். ஆனால் அந்தத் தலைமுறையின் கோபம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள உதவும். ஆற்றைக் கடந்து குடியரசுச் சதுக்கத்துக்குப் போனால் மூன்று முற்றுகைகளின் நினைவுச்சின்னம். லெக்ரான், லெகூர்ப், டான்ஃபேர் மூவரும் அங்கே நிற்கிறார்கள். பார்த்தோல்டி 1904-ல் இறந்தபின்தான் அது முடிந்தது.

சிங்கத்தை மாலையில் பாருங்கள். டிக்கெட் வாங்கிக் கால்மாட்டுக்கு ஏறலாம். அளவு புரியும், ஆனால் உருவம் புரியாது. அதற்குக் கீழே ஊருக்குள்ளிருந்துதான் பார்க்க வேண்டும். மேற்கு வெயில் படும்போது அந்தக் கல் சிவக்கும், இருட்டியதும் விளக்குப் போடுவார்கள்.

மறுநாள் அரை நாள் மிஞ்சினால், மேற்கே இருபது கிலோமீட்டர் அளவில் ரோன்ஷான் குன்றில், சண்டிகரை வடிவமைத்த லெ கொர்பூசியே 1955-ல் கட்டி முடித்த சிற்றாலயம் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறாக அமைந்தால் அதை விட்டுவிட்டு ஊரிலேயே இருங்கள். குளிர் மாதங்களைத் தவிர மற்ற மாதங்களில் பழைய ஊர்த் தெருக்கள் முழுவதும் பழம்பொருள் சந்தை போடுகிறார்கள். பேக்கரியில் பெல்ஃப்ளோர் என்று கேட்டால் ராஸ்பெரியும் பாதாமும் சேர்த்த இனிப்பு கிடைக்கும்.

டிக்கெட் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டிஜிவி நிற்கும் பெல்ஃபோர்-மான்பெலியார் நிலையம் ஊருக்குள் இல்லை. சில கிலோமீட்டர் தெற்கே வயல்வெளியில் இருக்கிறது. அங்கே இறங்கி பஸ்ஸோ உள்ளூர் ரயிலோ பிடித்துத்தான் ஊருக்குள் வர வேண்டும்.